பாத்ரூம் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள்

கதவைப் பார்த்தாலே கோமதியம்மாளுக்கு யார் உதைத்தது என்று தெரிந்துவிடும். திருடன் உதைத்தால் பூட்டுக்குப் பக்கத்தில் ஒரே உதை. அவனுக்கு வேலை முடிந்து போகவேண்டும். குடித்தவன் உதைத்தால் கதவு முழுக்க அடையாளம் இருக்கும், பாதி உதை சுவரில் விழுந்திருக்கும். புருஷன் உதைத்த கதவு தனி ரகம். கீழ்ப்பாதியில், ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப. உள்ளே இருப்பவள் எங்கே போய்விடப்போகிறாள் என்கிற நிதானம் அதில் தெரியும்.

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் பீரோ அகலத்துக்கு அவளுக்கு ஒரு கடை. சாவி வெட்டும் மெஷின் ஒன்று, சுவர் முழுக்கத் தாழ்ப்பாள், கொண்டி, நைட் லாட்ச். கதவைக் குடைந்து உள்ளே பதிக்கிற பணக்கார வீட்டுப் பூட்டுகள் மேல் அவளுக்கு மரியாதை கிடையாது. கதவின் உட்பக்கம் மேலாகவே உட்கார்ந்துகொண்டு, வெளியே சாவித் துவாரத்தை மட்டும் காட்டுகிற பூட்டுதான் அவள் தொழில். சால் என்கிற வரிசைக் குடித்தன வீட்டுக் கதவெல்லாம் மெல்லிசு. குடைந்தால் கதவே மிஞ்சாது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ‘தாழ்ப்பாள் கோமதி’ என்றால் தெரியாத சந்து இல்லை. ஹிந்திக்காரர்களுக்கு அவள் ‘லாக்வாலி மௌசி’, பூட்டுக்காரச் சித்தி.

பூட்டோடு டப்பாவில் வருகிற குட்டை ஸ்க்ரூவை எடுத்த எடுப்பிலேயே சாக்கடையில் வீசிவிடுவாள். “கம்மல் திருகாணி கணக்கா இருக்கு. ஒரு உதைக்குத் தாங்குமா இது?” என்பாள். கதவை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம்வரை துளைத்து, முழு போல்ட்டைச் செருகி, நட்டுப் போட்டு முறுக்கி, மிஞ்சியதை ரம்பத்தால் அறுத்துத் தள்ளுவாள். பம்பாயில் அதற்கு ஆர்பார் என்று பெயர். ஆர்பார் போட்ட பூட்டைப் பிடுங்கவேண்டுமென்றால் கதவைக் கிழித்துத்தான் பிடுங்கவேண்டும்.

இந்தத் தொழிலை அவளுக்கு யாரும் ஆசை ஆசையாகச் சொல்லித் தரவில்லை. புருஷன் பிரம்மநாயகம் சாவிக்காரன். தங்கமான கை என்று சந்தே சொல்லும். அந்தக் கையால்தான் அடித்தான். அடித்தான் என்றால் கன்னத்தில் இரண்டு வைத்தான் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சாவி ராவுகிற அரத்தால் அடித்தான். குக்கர் மூடியால் அடித்தான்; அன்றிலிருந்து அவளுக்கு இடது காது பாதிதான் கேட்கும். கைக்குழந்தை ஷாலினியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். அவன் வெளியே நின்று சிரிப்பான். பூட்டுக்காரனை வெளியே வைத்துப் பூட்ட முடியுமா என்ன? கதவிடுக்கில் கம்பியை விட்டு, தாழ்ப்பாளை நெம்பித் திறந்து, உள்ளே வந்து முன்னதைவிட இரண்டு மடங்கு போடுவான்.

கோமதியம்மாள் அழுதாள். அழுதுகொண்டே, அந்தக் கம்பி எங்கே நுழைகிறது, எதை நெம்புகிறது என்று கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அவன் போதையில் கிடந்த ஒரு நாள் அவன் பையிலிருந்தே டிரில்லை எடுத்து, கம்பி எட்டாத உயரத்தில் கனத்த தாழ்ப்பாள் ஒன்றை ஆர்பார் போட்டு மாட்டினாள். அவள் மாட்டிய முதல் தாழ்ப்பாள் அதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சந்தே வேடிக்கை பார்க்க, பிரம்மநாயகம் கம்பியை விட்டுப் பார்த்தான், நெம்பிப் பார்த்தான், கடைசியில் உதைத்தான். மூச்சு வாங்க வாங்க உதைத்தான். கதவு நின்றது, அவன் கால் எலும்புதான் முறிந்தது. நொண்டிக்கொண்டு போனவன் பிறகு அந்த வாசலுக்கு வரவேயில்லை. சில வருஷம் கழித்துக் கல்யாண் பக்கம் எங்கேயோ செத்துப்போனான் என்று சேதி வந்தபோது, கோமதியம்மாள் ஒரு வீட்டில் கொண்டி மாட்டிக்கொண்டிருந்தாள். மாட்டி முடித்துவிட்டுத்தான் கீழே இறங்கினாள்.

அந்தச் சந்துப் பெண்கள்தான் அவளைத் தொழில்காரி ஆக்கினார்கள். ஒருத்தி வந்து, “யக்கா, எனக்கும் அதே மாதிரி ஒண்ணு,” என்றாள். பிறகு இன்னொருத்தி. அப்படித்தான் அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும், வாசல் பூட்டை முடித்த கையோடு உள்ளே போய் பாத்ரூம் கதவைப் பார்ப்பாள். பில்டர் போட்ட அலுமினியத் தாழ்ப்பாளைக் கழற்றிக் கடாசிவிட்டு, இரும்பில் ஒன்றை ஆர்பார் போட்டு மாட்டுவாள். அதற்குக் காசு வாங்கமாட்டாள். ஒற்றை அறை வீட்டில் ஒரு பெண் ஓடி ஒளிய வேறு கதவு ஏது? வீட்டு ஆம்பளை, “இது எதுக்கு மௌசி?” என்று கேட்டால், “குளிக்கும்போது காத்துல தொறந்துக்கிடக் கூடாதுல்லா,” என்று பல்லைக் காட்டுவாள். வீட்டுப் பொம்பளைகள் யாரும் அதை எதற்கென்று கேட்டதில்லை.

இப்படி ஊர்ப் பெண்களுக்கெல்லாம் தாழ்ப்பாள் மாட்டியவள், தன் மகள் வீட்டில் மாட்டவில்லை.

ஷாலினிக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அவள் ஒன்றே ஒன்றைத்தான் விசாரித்தாள்: பையன் குடிப்பானா? ராஜபாண்டி குடிக்கமாட்டான். பீடி, சிகரெட், பான் எதுவும் கிடையாது. கூரியர் கம்பெனியில் சூப்பர்வைசர். சத்தம் போட்டுப் பேசமாட்டான், அத்தை அத்தை என்று வாய் நிறையக் கூப்பிடுவான். அவனைப் பெற்றவர்கள் முலுண்டில் மூத்த மகனோடு இருந்தார்கள். இவர்களுக்குச் செம்பூரில், குடிசைகளை இடித்துவிட்டுக் கட்டிய ஏழு மாடிக் கட்டடத்தில், மூன்றாவது மாடியில் ஒரு வீடு. கோமதியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் மாப்பிள்ளை புராணம்தான்.

பாத்திரம், கட்டில், இரும்புத் தோசைக்கல் என்று எல்லாரும் வைக்கிற சீரோடு அவள் ஒரு பூட்டையும் வைத்தாள். கடையிலேயே கனத்த நைட் லாட்ச். பால் காய்ச்சின அன்றைக்குத் தன் கையாலேயே மாட்டினாள். கதவு முழுக்க ஆர்பார். கீலுக்கும் ஆர்பார். பூட்டின் நாக்கு போய் நுழைகிற இரும்புப் பிடியைச் சட்டத்தோடு விடாமல், சட்டத்தைத் தாண்டிச் சுவருக்குள் இறங்குகிற நீள ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கினாள். சுவரில் டிரில் வைத்ததும், ரஸ்க்கில் இறங்குவதுபோல் சரசரவென்று இறங்கி வெள்ளை மாவாகக் கொட்டியது. “களவாணிப் பய. செவுரா இது? தட்டுனா உதிருது,” என்று பில்டரைத் திட்டிவிட்டு, இன்னும் நீளமான ஆங்கராகப் போட்டாள். பூட்டின் உள்பக்கத்தில் இருந்த சின்னப் பட்டனை மகளுக்குக் காட்டினாள். “இந்தா, இதக் கீழ தள்ளிட்டேன்னா வெளிய எந்தச் சாவி போட்டாலும் தொறக்காது. நானே வந்தாலும் தொறக்க முடியாது, பாத்துக்கோ.”

பழக்கதோஷத்தில் பாத்ரூம் பக்கம் போனாள். பிளாஸ்டிக் கதவு, தகடு மாதிரி. அதில் ஒரு அலுமினியத் தாழ்ப்பாள். பைக்குள் கையை விட்டவள் வெளியே எடுக்காமல் நின்றாள். அந்த மாதிரிப் பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூ நிற்காது, மறுபக்கம் இரும்புப் பட்டை வைத்துத்தான் போல்ட் போடவேண்டும். பட்டை வெளியே தெரியும். மாப்பிள்ளை தினமும் கை கழுவும்போது அதைப் பார்ப்பான். கூடத்தில் சம்பந்தியம்மாள் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தாள். பால் காய்ச்சின வீட்டில், என் மகளை நீ அடிப்பாய் என்று கதவில் எழுதி வைத்துவிட்டா போக முடியும்? கோமதியம்மாள் பையை மூடிக்கொண்டு பாயசம் குடிக்கப் போனாள்.

அடுத்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் பலகாரம் கொடுக்கப் போனபோது பாத்ரூமுக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அலுமினியத் தாழ்ப்பாள் உள்நோக்கி வளைந்திருந்தது. கதவின் கீழ்ப்பாதியில், வெளிப்பக்கம், ஒரே இடத்தில் ஷூ அடையாளம். இந்த எழுத்தை அவளைவிட நன்றாகப் படிக்கிற ஆள் பம்பாயில் உண்டா? வெளியே வந்து, “தாப்பா வளைஞ்சிருக்கே?” என்றாள். ஷாலினி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ராஜபாண்டி சிரித்தான். “எல்லாம் பில்டர் போட்ட மட்டச் சரக்கு அத்தை. நான் மாத்திடுதேன்.”

வீட்டுக்கு வந்ததும் கனத்த தாழ்ப்பாள் ஒன்றை எடுத்தாள். அந்தத் தகடுக் கதவின் கனம் அவள் விரலில் இருந்தது. போல்ட்டுகளை அதற்கென்றே கட்டையாக அறுத்து, பட்டையும் நட்டும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பையில் முடிந்து வேலைப் பையில் போட்டாள். அதற்கப்புறம் இரண்டு தடவை செம்பூருக்குப் போனாள். இரண்டு தடவையும் அதைத் தூக்கிக்கொண்டு போய் அப்படியே தூக்கிக்கொண்டு வந்தாள். மாட்டினால் கேட்டதுபோல் ஆகும். கேட்டால் மகள் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டால் கூட்டிக்கொண்டு வரவேண்டும். வாய் நிறையப் பேசிய புராணத்தை என்ன செய்வது? பொங்கல் கழியட்டும் என்று தள்ளிப்போட்டாள். பிரம்மநாயகத்தையே வெளியே வைத்துப் பூட்டிய மனுஷிக்கு, குடிக்காத ஒரு பையன் முன்னால் கை வரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

பொங்கல் கழிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில் வெங்கடராமன் வீட்டில் பழைய பூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவர் ஆபீஸ் போயிருந்தார். மனைவி விஜயலக்ஷ்மி காபி போட்டுக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. செம்பூரில் ஷாலினிக்கு எதிர்வீட்டு சஃபீனா. மேலப்பாளையத்துக்காரி, நல்ல பிள்ளை.

“பெரிம்மா, சீக்கிரம் வாங்க. ஷாலினி ஒங்க வீட்டுக்கு வாரேன்னு பெட்டி கட்டியிருக்கு. அந்த அண்ணன் உள்ள தாப்பா போட்டுட்டு அடிக்காரு. பாத்ரூமுக்குள்ள ஓடிட்டு போல. அந்தக் கதவ ஒடைக்காரு பெரிம்மா, சத்தம் கேக்குது. போலீஸுக்கு அடிச்சாச்சு, வாரோம் வாரோம்ங்காங்க.”

கோமதியம்மாள் போனை வைத்தாள். சாமான்களை அள்ளிப் பையில் போட்டவள், கதவில் பூட்டு இருந்த இடத்தில் ஓட்டை இருப்பதைப் பார்த்து ஒரு நிமிஷம் தயங்கினாள். விஜயலக்ஷ்மி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

“நீ ஏன் நின்னுண்டிருக்கே? கதவு கெடக்கட்டும், நான் வாசல்லயே நாற்காலி போட்டு உக்காந்துக்கறேன். ஓடு முதல்ல,” என்றாள்.

மாட்டுங்காவில் ஆட்டோ கிடையாது. சர்க்கிளில் ஒரு டாக்ஸிக்குக் குறுக்கே விழுந்து ஏறினாள். சயான் சிக்னலில் வண்டி நின்றபோது ஷாலினிக்கு அடித்தாள்; எடுக்கவில்லை. ராஜபாண்டிக்கு அடித்தாள், அவனும் எடுக்கவில்லை. மடியில் இருந்த பையில், வண்டி குலுங்கும்போதெல்லாம் அந்தத் தாழ்ப்பாள் சுத்தியலில் இடித்து டங் டங் என்றது. அவள் அதைப் பையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நின்றபாடில்லை.

மூன்றாவது மாடி வராந்தாவில் கூட்டம். உள்ளே இருந்து தொம் தொம் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. நிதானமான சத்தம். வாசலில் மூன்று ஆம்பளைகள் நின்றார்கள். அவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஆசைதான், வரவில்லை. ஆளுக்கு ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டு, “அசையவே இல்ல ஆன்ட்டி. எவனோ பக்காவா மாட்டியிருக்கான்,” என்றான் ஒருத்தன். வேறு நாளாக இருந்தால் கோமதியம்மாள் பூரித்துப் போயிருப்பாள்.

சாவி சஃபீனாவிடம் ஒன்று இருந்தது. கோமதியம்மாள் வாங்கிப் போட்டாள், திரும்பவில்லை. பட்டனைத் தள்ளியிருந்தான். நானே வந்தாலும் திறக்க முடியாது என்று சொல்லிக்கொடுத்த அதே பட்டன்.

“மாப்ளை!” என்று கதவைத் தட்டினாள். “மாப்ளை, நான்தான் அத்தை வந்திருக்கேன். கதவத் தெறங்க. எதுன்னாலும் பேசிக்கிடுவோம். நீங்க சொன்னாக் கேக்கமாட்டாளா அவ? தெறங்க மாப்ளை.”

சத்தம் நின்றது. உள்ளே இருந்து ராஜபாண்டியின் குரல், மூச்சு வாங்க, ஆனால் அதே மரியாதையோடு வந்தது. “நீங்க போங்க அத்தை. இது எங்க வீட்டு விஷயம்.” பிறகு மறுபடி தொம். இந்தத் தடவை கூடவே பிளாஸ்டிக் கிழிகிற சத்தம். அதற்குப் பின்னால் ஷாலினியின் அலறல்.

கோமதியம்மாள் பூட்டைப் பார்த்தாள். போல்ட்டைப் பார்த்தாள். கீலைப் பார்த்தாள். எந்த இடத்தில் உளி வைத்தாலும் அவள் கை வேலை குறுக்கே நின்றது. டிரில் போட்டுப் பூட்டைத் துளைக்கலாம், நேரமாகும். அந்த நேரம் உள்ளே இருப்பவளுக்குக் கிடையாது. அப்போதுதான் அவளுக்கு அந்த வெள்ளை மாவு ஞாபகம் வந்தது. கதவை இறுக்கியவள் அவள். சுவரைக் கட்டியவன் களவாணிப் பயல்.

உளியைச் சட்டத்துக்குப் பக்கத்தில் சுவரில் வைத்து ஓங்கி ஒரு போடு போட்டாள். பூச்சு பெயர்ந்தது. அடுத்த போடில் உளி பாதி இறங்கியது. அவள் போட்ட ஆங்கரே குறுக்கே வந்து உளியை மடக்க, இரண்டு விரற்கடை கீழே தள்ளி வைத்து மறுபடி அடித்தாள். முகமெல்லாம் வெள்ளை. “ஆன்ட்டி, பில்டிங் சொசைட்டி செவரு,” என்று ஒருத்தன் வாயைத் திறந்தான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். கல் பொத்தென்று உள்பக்கம் விழுந்தது. கை நுழைகிற அளவுக்கு ஓட்டை.

“சஃபீனா, கதவுல தோளக் குடுத்து நில்லு. நான் சொன்னதும் தள்ளு,” என்றாள். வலது கையைத் தோள்வரை உள்ளே விட்டு, முழங்கையை மடக்கிச் சட்டத்தைச் சுற்றி வளைத்துப் பூட்டைத் தடவினாள்.

உள்ளே காலடி ஓடி வந்தது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மாமியாரின் கையை அவன் பார்த்திருக்கவேண்டும். முதல் அடி முழங்கைக்குக் கீழே விழுந்தது. இரும்பு. விளிம்பால் அடித்தான். கோமதியம்மாளின் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு வராந்தாவில் ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டாள். கையை இழுத்துக்கொண்டிருக்கலாம். இழுக்கவில்லை. விரல் பட்டனைத் தொட்டது; மேலே தள்ளினாள். இரண்டாவது அடி விரல்கள் மேலேயே விழுந்தது. இரண்டு விரல் முறிந்தது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. மிச்சமிருந்த விரல்களையும் உள்ளங்கையையும் சேர்த்துக் குமிழைப் பற்றித் திருகினாள்.

“தள்ளுளா!”

சஃபீனா தள்ளினாள். கதவு திறந்தது. தோல் உரிய உரியக் கையை ஓட்டையிலிருந்து உருவிக்கொண்டு, இடது கையில் சுத்தியலை எடுத்துக்கொண்டு கோமதியம்மாள் உள்ளே போனாள்.

ராஜபாண்டி கையில் தோசைக்கல்லோடு நின்றான். சீரில் வைத்த தோசைக்கல். சட்டை இன் பண்ணியபடியே இருந்தது. “அத்தை, நீங்க இதுல...” என்று ஆரம்பித்தான்.

“லேய்,” என்றாள் கோமதியம்மாள்.

வேறு எதுவும் சொல்லவில்லை. சுத்தியல் அவன் முழங்கால் சில்லில் இறங்கியது. அவன் மடிந்து விழுந்தான். தோசைக்கல்லைப் பிடித்திருந்த கையில் இன்னொன்று. அவன் தரையில் புரண்டு கத்தினான். அந்த மாடிக்காரர்கள் அவன் சத்தம் போட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. மூன்றாவது அடிக்குச் சுத்தியல் அவன் தலைக்கு நேரே உயர்ந்தது. அதை இறக்கியிருப்பாள். இறக்கவேண்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது. பாத்ரூமுக்குள்ளிருந்து, “எம்மா,” என்று ஒரு குரல் வந்தது. கை அந்தரத்திலேயே நின்றது. விழுந்துகிடந்தவனைப் பிடித்துக்கொள்ள மூன்று ஆம்பளைகளும் உடனே உள்ளே வந்துவிட்டார்கள்.

பாத்ரூம் கதவின் மேல்பாதி கிழிந்து தொங்கியது. தாழ்ப்பாள் பிடுங்கிக்கொண்டு எங்கேயோ தெறித்திருந்தது. தாழ்ப்பாள் இல்லாத கதவு எப்படி நிற்கிறது என்று கோமதியம்மாள் கிழிசல் வழியே எட்டிப் பார்த்தாள். அந்த பாத்ரூம் ஆள் நீட்டிப் படுக்க முடியாத அகலம். ஷாலினி கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, இரண்டு காலையும் எதிர்ச்சுவரில் உதைத்துப் பிடித்திருந்தாள். அவன் உதைத்த உதையெல்லாம் அவள் முதுகில்தான் இறங்கியிருக்கிறது. கிழிசல் வழியே அவன் இறக்கிய தோசைக்கல் அவள் தோளில் விழுந்து, கழுத்துக்குக் கீழே எலும்பு தோலை முட்டிக்கொண்டு நின்றது. மூஞ்சியெல்லாம் ரத்தம்.

“கால எடுளா. கதவத் தெற. அம்மா வந்துட்டேன்லா.”

“அவரு எங்க?”

“கீழ கெடக்கான். புடிச்சுட்டாங்க. கால எடு தாயி.”

ஷாலினி எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. கால் சுவரோடு ஒட்டிப்போனதுபோல் விறைத்துவிட்டது. சஃபீனாதான் கிழிசல் வழியே உள்ளே ஏறிக் குதித்து, அவள் பாதங்களை ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து பெயர்த்தாள்.

அதற்கப்புறம் போலீஸ் வந்தது. மாப்பிள்ளையை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள், கூடவே ஒரு கான்ஸ்டபிள். சுவரை யார் உடைத்தது என்று கேட்ட பெண் அதிகாரியிடம், “நான்தான். எழுதிக்கிடுங்க,” என்றாள் கோமதியம்மாள். சொசைட்டி செக்ரெட்டரி ரிப்பேர் பற்றி இழுத்தார். “மொதல்ல செவரக் கட்டுனவனப் போய்ப் பிடியும். வெரல் வச்சாலே உதிருது, அதுல ஏழு மாடி தூக்கியிருக்கான்,” என்று அவர் மேல் பாய்ந்தாள். செய்தி கேட்டு முலுண்டிலிருந்து வந்த சம்பந்தியம்மாள் ஆஸ்பத்திரி வாசலில், “எம் புள்ள கால ஒடச்சிட்டியே பாவி,” என்று மண்ணை வாரித் தூற்றினாள். “ஒரு காலத்தான் ஒடச்சிருக்கேன், இன்னொண்ணு இருக்குல்லா,” என்றாள் கோமதியம்மாள். எல்லாருக்கும் அவளிடம் பதில் இருந்தது.

ஷாலினியின் கழுத்தெலும்புக்குத் தகடு வைத்து ஸ்க்ரூ போட்டார்கள். விலா எலும்பு இரண்டில் கீறல். கோமதியம்மாளின் வலது கைக்குக் கட்டு. ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை, வெயில் வார்டு ஜன்னலில் விழுந்துகொண்டிருந்தது. மகள் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருந்தாள். வேலைப் பை மகளின் கைக்கு எட்டுகிற இடத்தில் கட்டில் மேலேயே கிடந்தது.

“தண்ணி இருக்காம்மா?” என்றாள் ஷாலினி. பதிலுக்குக் காத்திராமல், நன்றாக இருந்த கையைப் பைக்குள் விட்டாள். தண்ணீர் பாட்டில் வரவில்லை. பிளாஸ்டிக் பையில் முடிந்த தாழ்ப்பாள் வந்தது.

கடையில் தாழ்ப்பாள்களுக்கு நடுவில் தூங்கி எழுந்து வளர்ந்த பெண் அவள். முடிச்சைப் பல்லால் அவிழ்த்து, சாமான்களைப் போர்வை மேல் கொட்டினாள். பட்டையைப் பார்த்தாள். ஒரு போல்ட்டை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தாள். இவ்வளவு கட்டையான போல்ட் வேறு எந்தக் கதவுக்கும் ஆகாது.

“எங்க வீட்டு பாத்ரூம் கதவுக்கு வெட்டுனதுல்லா இது?”

கோமதியம்மாள் போர்வையில் உருண்ட நட்டு ஒன்றை எடுத்துப் பட்டையோடு சேர்த்து வைத்தாள்.

“எப்ப வெட்டுன?”

“தீவாளிக்கு முன்னால.”

ஷாலினி போல்ட்டைக் கீழே வைத்தாள். கோபம் வரும் என்று கோமதியம்மாள் எதிர்பார்த்தாள். கத்தட்டும், தூக்கி எறியட்டும், அந்தத் தாழ்ப்பாளாலேயே ஒன்று போடட்டும் என்று இருந்தது. ஷாலினி அதெல்லாம் செய்யவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, சின்ன வயசில் பசித்தால் சொல்கிற அதே குரலில் சொன்னாள்:

“மாட்டிருக்கலாம்லா எம்மா.”

கோமதியம்மாள் எழுந்து கட்டிலின் கால்மாட்டுக்குப் போனாள். போர்வைக்கு வெளியே தெரிந்த மகளின் இரண்டு பாதங்களும் கால்மாட்டுக் கம்பியை உதைத்துப் பிடித்திருந்தன. கட்டுப்போடாத கையால் அவற்றைப் பிடித்து மெல்ல எடுத்துவிட்டாள். அவள் கையை விட்டதும் பாதங்கள் மறுபடி கம்பிக்கே போயின.